ஆறு நாற்பத்தொன்று

நாணல் அசைந்தது. காற்றே இல்லாத காலை. மேல்நுனி அப்படியே நிற்க, அடித்தண்டு மட்டும் ஒதுங்கி வழிவிட்டது. உள்ளே ஏதோ ஓர் உடம்பு நகர்கிறது. அவள் ஈரப்புல்லில் முழங்காலை ஊன்றி, கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைக்கூடக் கஞ்சத்தனமாக விட்டாள். குளத்தின் மேல் பனி படுத்துக் கிடந்தது. எதிர்க்கரை இருந்த இடமே தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"மூவாயிரத்து இருநூறு ஆயிடுச்சு! இன்னும் பாதிகூடத் தாண்டல. நீ பாட்டுக்கு இங்கயே உக்காந்துட்டா எப்படி?"

நாணல் நின்றது. தண்ணீரில் 'களக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வாயில் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது. அவள் கணவர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல் அது. எஞ்சின் நின்ற பிறகும் இறங்கி வரவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். வெளிநாட்டிலிருக்கும் மகன் அடி எண்ணுகிற கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பிவைத்தான். குரங்குக் குல்லா, மஃப்ளர், கடிகாரம் சகிதம் அவர் அவளுடைய காலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அது அவளுடைய காலையாகத்தான் இருந்தது, மூன்று பனிக்காலமாக. எட்டு மணிக்கு மேல் அவள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருப்பாள். ஜன்னல் இல்லாத அறை. அடுத்தவர்களின் எலும்பையும் நெஞ்சுக்கூட்டையும் படம் பிடித்துப் பிடித்து இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. வெளிச்சம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது என்று ஒருநாள் தோன்றியது. அந்த வாரமே ஒரு பழைய கேமரா வாங்கினாள். தெருமுனை, தண்ணீர்த் தொட்டி, இடிந்த மதிலில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அதைத் தாண்டினால் குளம். வீட்டிலிருந்து பத்து நிமிஷம். எங்கும் பயணம் போக வேண்டியதில்லை. பனித்துளி கோத்த சிலந்திவலை, ஒற்றைக்காலில் தூங்கும் கொக்கு, இலைக்கு அடியில் விறைத்துப்போய் வெயிலுக்குக் காத்திருக்கும் தும்பி, எல்லாம் அங்கேயே கிடைத்தன.

போன பனிக்காலத்தின் கடைசியில் ஒருநாள், கேமராவைப் பைக்குள் வைத்த பிறகு, இரண்டு நீர்நாய்கள் கரையேறுவதைப் பார்த்தாள். உடம்பைச் சிலிர்த்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தன. பிறகு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. இந்தக் குளத்திலா, ஊருக்கு நடுவிலா என்று ஆஸ்பத்திரியில் சிரித்தார்கள். கணவர், "பெருச்சாளியா இருக்கும். தண்ணில நனைஞ்சா பெருசாத்தான் தெரியும்" என்றார். இந்த வருஷம் மதிலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பனிக்காலம் முடிந்ததும் குளத்தைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பப்போகிறார்களாம். அளவு பார்த்துக் கரை நெடுகச் சிவப்பு பெயின்ட் அடித்த முளைக்குச்சிகள் அடித்தாகிவிட்டது. சுவர் வந்தால் நாணல் போகும். நாணல் போனால் அவையும் போகும். அவள் கண்டது பெருச்சாளி என்றே முடிந்துவிடும்.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாளைலேருந்து நீங்க பார்க் பக்கம் போங்களேன். அங்க தரையும் சமமா இருக்கு."

"ஏன், நான் வந்தா உன் குளம் வத்திடுமா?"

"பேசாம வந்தாப் போதும்னுதான் சொல்றேன்."

"பேசாம நடக்கறதுக்கு என்ன மௌன ஊர்வலமா?"

"நாள் பூரா அடுத்தவங்களுக்குத்தான் நிக்கறேன். எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு மணி நேரம். அதையும் நீங்க எண்ணிக்கிட்டே வரீங்க."

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் சொந்த வீட்டிலிருந்து திருட்டுத்தனமாக நழுவுவதை நினைக்கச் சிரிப்பு வந்தது. தெருவில் ஒருவரும் இல்லை. தன் காலடிச் சத்தத்தைக் கேட்டே எத்தனை நாளாயிற்று! குளக்கரையில் மடக்கிப்போட்ட சாக்கின் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். விரல் மரத்துப்போனது. கருப்பு சாம்பலாகி, சாம்பல் வெளுத்தது.

வந்தன. தாய் ஒன்று, குட்டிகள் இரண்டு. பதினைந்தடி தூரத்தில், சரிந்த கரையில் தாய் ஒரு மீனை முன்கால்களால் அழுத்திப் பிடித்துத் தலையிலிருந்து மென்றது. நறநறவென்று முள் நொறுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. ஒரு குட்டி அதன் முதுகில் ஏறி வழுக்கி விழுந்தது. அவள் விரலை அழுத்தினாள்.

அப்போது ஸ்வெட்டர் பையில் போன் அதிர்ந்தது.

அவர்தான். இந்நேரத்துக்கு வேறு யார்? 'எங்க போய்த் தொலைஞ்சே' என்று அரைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். பையின் மேலேயே கையை வைத்து அமுக்கினாள். நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாவது முறையும். தாய் தலையைத் தூக்கியது. 'வையுங்க, வையுங்க' என்று பல்லைக் கடித்தாள். போன் ஓய்ந்தது. தாய் மறுபடி மீனுக்குக் குனிந்தது. அவள் பதினேழு படம் எடுத்தாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நடை துள்ளியது. கேமராவை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, 'இதுக்கு என்ன பேரு வைக்கறீங்க?' என்று கேட்க வேண்டும். வீடு பூட்டியிருந்தது. போன் போட்டாள். எடுத்தது தெருமுனை மருந்துக்கடைக்காரர்.

"அக்கா, பதட்டப்படாதீங்க. அண்ணன் இங்கதான் உக்காந்திருக்காரு. நடந்து வந்தவரு என் கடைவாசல்ல நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாரு. போனை என்கிட்ட குடுத்துட்டாரு."

கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை. "ஒண்ணுமில்ல" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரேயை அவளே எடுத்தாள். மேல்சட்டையில்லாமல் தட்டில் நெஞ்சை ஒட்டி நின்றவரின் தோளைப் பிடித்து நேராக்கியபோது தோல் சில்லென்றிருந்தது. தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். ஒரு நாளும் அவள் பேச்சைக் கேட்காதவர், முன்பின் தெரியாத நோயாளி மாதிரி, அப்படியே இழுத்துப் பிடித்தார்.

டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டார். "இதயத்துல ஒண்ணுமில்லம்மா. பயம். ஸ்டென்ட் வெச்ச நிறைய பேருக்கு வர்றதுதான். நடக்கும்போது அடியை எண்ணிக்கிட்டே இருந்தா, யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருந்தா, நெஞ்சு ஞாபகம் வரலைன்னு சொல்றாரு. கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதீங்க."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்த நாலு மாசமாக எதிர்ப்படுகிற ஆளையெல்லாம் நிறுத்தி வைத்துப் பேசுகிற மனுஷனுக்கு, கட்டின பெண்டாட்டியிடம் 'பயமாயிருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? சொல்லியிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பாளா? அந்தக் கேள்வி வந்தவுடன் கோபம் பிடிமானம் இல்லாமல் தடுமாறியது.

உறுதிக்காக இரண்டாவது முறை எடுத்த ரத்தத்தின் முடிவுக்காகத் தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"கிடைச்சுதா?" என்றார் அவர்.

தலையாட்டினாள். அவர் கையை நீட்டினார். தோளில் கிடந்த கேமராவைக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். குட்டி வழுக்கி விழுகிற படத்தில் நிறுத்தினார். முகம் மலர ஆரம்பித்தது. பிறகு கண் படத்தின் கீழ்மூலைக்கு இறங்கியது. அங்கே தேதியும் நேரமும் இருந்தன. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, எட்டத்தில் பிடித்து, காலையில் அவளைக் கூப்பிட்ட நேரத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மறுபடி கேமராவைப் பார்த்தார்.

"ஆறு நாப்பத்தொண்ணு" என்றார். யாரோ கேட்ட பஸ் நேரத்தைச் சொல்வது போல.

"நான் வந்து... நீங்க கத்துவீங்கன்னுதான்..."

"நல்லா வந்திருக்கு" என்று வாரைச் சுற்றி ஒழுங்காக வைத்துக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை. மூன்று நாள் கழித்து அவள்தான் குல்லாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். இருபதடி பின்னால் வந்தார். கடிகாரம் கையில் இல்லை. பால்காரரைப் பார்த்தும் குரல் கொடுக்கவில்லை. அவள் இத்தனை நாளும் கேட்ட அமைதி அப்படியே கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு படமும் தேறவில்லை. கொக்கைக் குறிவைத்தால், பின்னால் மூச்சுச் சத்தம் சீராக இருக்கிறதா என்று காது அங்கே போனது. இரண்டு தடவை படம் கலங்கியது. எரிச்சலாக வந்தது, கொக்கின் மேல், பனியின் மேல், அவர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல்.

"ஏதாவது பேசுங்களேன்" என்றாள், திரும்பாமல்.

"பேசினா ஓடிடும்."

மறுநாள் பனி அடர்த்தியாக இறங்கியிருந்தது. கரையில் கருங்கல் ஜல்லி ஒரு லோடு கொட்டியிருந்தார்கள். அவர் குவியல் ஓரமாக உட்கார்ந்தார். அவள் கேமராவைத் திறந்தாள், தண்ணீரைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மஃப்ளரின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. கட்டிவிடலாமா, கட்டிவிட்டால் தள்ளிவிடுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது அவர் கை மெல்ல உயர்ந்தது. அவள் பக்கம் முகம் திருப்பாமல், சத்தமே இல்லாமல், ஒரு விரலைக் குளத்தை நோக்கி நீட்டினார். அவள் திரும்புவதற்குள் அங்கே உடம்பு எதுவும் இல்லை. வெள்ளைப் பனிக்கு அடியில், சாம்பல் நிறத் தண்ணீரில், வரிசையாகக் குமிழ்கள் மட்டும் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தபடி, தெரியாத எதிர்க்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. நீட்டிய விரலை அவர் இன்னும் மடக்கவில்லை.