பால் கட்டிய வாரம்

பையனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, இனிப் பால் மறக்கடித்துவிடலாம் என்று முடிவெடுத்தது அவள்தான். வேலைக்குப் போய் அலுத்து வரும் உடம்பை அவன் விடிய விடியப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் படுக்க வைத்தார்கள். முதலில் வீடே அதிர அழுதான். பிறகு அப்பாவின் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டான். அவனுக்குச் சுலபமாக முடிந்தது. அவளுக்குத்தான் பால் கட்டிக்கொண்டது.

இரண்டு பக்கமும் கல்லாய் இறுகி, கையைத் தூக்கினால் அக்குள் வரை இழுத்தது. "துணியால இறுக்கிக் கட்டு, தானா வத்திடும்" என்றாள் நாத்தனார், போனில். கட்டிப் பார்த்தாள். மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

அந்தக் கட்டோடுதான் சூப்பர் மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போனாள். அலமாரிகளில் சரக்கு அடுக்கும் வேலை. எண்ணெய் டப்பாவை மேல்தட்டுக்குத் தூக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள். ட்ராலியில் உட்கார்ந்திருந்த யார் வீட்டுக் குழந்தையோ வீறிட்டது. சட்டென்று இவள் சட்டை நனைந்தது. கடையில் கொடுத்த கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மூடிக்கொண்டு குளிர் அறைக்குள் நுழைந்துவிட்டாள்.

உள்ளே போனதும்தான் கொஞ்சம் உயிர் வந்தது. உறைந்த பட்டாணிப் பாக்கெட் ஒன்றைக் கைத்துண்டில் சுற்றி, வலிக்கு ஒத்தடமாகக் கோட்டுக்குள் செருகினாள். அட்டைப்பெட்டிகளில் சாய்ந்தவளுக்கு நின்றபடியே கண் சொருகியது.

கதவு திறந்தது. சூப்பர்வைசர்.

"கோட்டுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லதான் பச்சைக் கலர்ல எட்டிப் பாக்குதா?"

இந்த ஆளிடம் எதை, எப்படிச் சொல்வது? கோட்டை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் வாசலில் நின்ற செக்யூரிட்டி அக்காவைக் கூப்பிட்டு, "என்னன்னு சோதிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

அக்கா மூன்று பிள்ளை பெற்றவள். கோட்டைத் திறந்து ஈரத்தைப் பார்த்ததுமே, "பால் மறக்கடிச்சியா?" என்றாள். அவ்வளவுதான், இவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அடிப் பைத்தியமே, இதை வச்சுக்கிட்டா டப்பா தூக்கிட்டிருக்க? இறுக்கி வேற கட்டியிருக்கியே, அதை அவுத்து எறி முதல்ல. ரொம்ப வலிச்சா கையால கொஞ்சமாப் பீய்ச்சி விடு. வலி அடங்குற அளவுக்குத்தான், முழுசா எடுத்தா மறுபடி ஊறும். காய்ச்சலடிச்சாலோ செவந்து போனாலோ உடனே டாக்டர்கிட்ட ஓடு."

பிறகு வெளியே தலையை நீட்டி, "திருட்டும் இல்ல ஒண்ணும் இல்ல சார், பால் கட்டியிருக்கு! வீட்டுல அம்மாவைக் கேளுங்க, சொல்லுவாங்க" என்றாள். காய்கறிப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

சூப்பர்வைசருக்குக் காது சிவந்துவிட்டது. "அந்தப் பாக்கெட்ட... அவங்களே வச்சுக்கட்டும்" என்று முனகிவிட்டு நகர்ந்தார். அந்த வாரம் முழுக்க அவளைப் பில் போடும் இடத்தில் உட்கார வைத்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதை எதிர்பார்க்க அவளுக்கும் தெம்பில்லை.

அன்றே கழிவறைக்குப் போய்க் கட்டை அவிழ்த்து, அக்கா சொன்னபடி கொஞ்சம் பீய்ச்சிவிட்டாள். பால் குழாய்த் தண்ணீரோடு கலந்து ஓடியதைப் பார்க்க மனசு என்னவோ செய்தது. ஆனாலும் தோளின் இறுக்கம் தளர்ந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பையன் ஓடிவந்து மடியில் ஏறினான். வாசனை பிடித்துவிட்டான் போல, கழுத்துக்குக் கீழே முகத்தைத் தேய்த்தான். இப்போது கொடுத்தால் இந்த வலியும் போகும், இவனும் குளிர்ந்துபோவான். பொத்தான் வரை கை போய்விட்டது.

"வேணாம்டா செல்லம். அம்மாவுக்கு வலிக்குது."

"எங்க?"

காட்டினாள். அவன் கன்னம் உப்ப ஊதினான், எச்சில் தெறித்தது. "போச்சு" என்று அவனே சொல்லிவிட்டு அப்பாவிடம் ஓடினான்.

போகவில்லை. ஆனால் நாளுக்கு நாள் இறுக்கம் இளகியது, கசிவு நின்றது. ஒரு காலை விழித்தபோது குப்புறப் படுத்துத் தூங்கியிருந்தது தெரிந்தது. அப்படிப் படுத்து எவ்வளவு காலமாயிற்று! அலாரம் அடித்தது. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.