தினம் அரை மணி நேரம்

குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மடியில் விரித்த துண்டின்மேல் அந்தச் சின்னப் பெட்டி. உள்ளே இரண்டு காது மெஷின்கள், முளைவிட்ட பயறு போல வாலோடு கிடந்தன. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பேட்டரியின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து உள்ளே போட்டு, இரண்டு காதிலும் மாட்டினாள். முதலில் 'உய்ங்' என்று ஒரு கீச்சல். பிறகு குழாய் சொட்டியது. இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடமாக அந்தக் குழாய் சொட்டுவதைக் கண்ணால்தான் பார்த்து வந்திருக்கிறாள். அதற்கு ஒரு சத்தமும் உண்டு என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் டாக்டரம்மா எழுதியிருந்தார்: முதல் வாரம் தினம் அரை மணி நேரம், சத்தமில்லாத அறையில். இரண்டாம் வாரம் ஒரு மணி நேரம். பிறகு மெதுவாகக் கூட்டவும். எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆயிற்று. அன்றைக்கு மகள் ஆசை ஆசையாக வாங்கி வந்து மாட்டிவிட்டதும், இவள் நேரே சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். தட்டோடு தட்டு உரசியது மண்டைக்குள் கத்தி தீட்டுவது போல் இருந்தது. சாயங்காலமே கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டாள். "என் காதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எல்லாரும்தான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்று வீட்டோடு சண்டையும் போட்டாள்.

அச்சகத்தில் பைண்டிங் பகுதியில், தாள் மடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்றவள். மெஷின் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் போனதே தெரியவில்லை. வேலையிலிருந்து நின்ற பிறகுதான், மெஷின் இல்லாத இடத்திலும் உலகம் வாயசைத்துக்கொண்டு மட்டும் இருப்பதைக் கவனித்தாள்.

ஆனாலும் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. கணவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கூப்பிட வேண்டுமானால் சமையலறை விளக்கை அணைத்துப் போடுவார். ஒருமுறை அணைந்தால் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு முறை என்றால் வாசலில் ஆள். மூன்று முறை என்றால் வீடியோ போனில் மகள். ஒருநாள் மின்சாரம் போய்ப் போய் வந்தபோது, ஆறு தடவை வாசலுக்கும் போனுக்குமாக ஓடிவிட்டு வந்து அவர்மேல் எரிந்து விழுந்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பைப் பார்த்தாள். கேட்கவில்லை.

இந்த முறை அவளை அலமாரியைத் திறக்க வைத்தது போன மாதத்து ஒரு மத்தியானம். நாலு மாதப் பேத்தியோடு வந்திருந்த மகள், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். இவள் பாத்திரம் கழுவினாள், தரை துடைத்தாள், நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குழந்தை தூங்கியது. மகள் திரும்பி வந்து நேரே உள்ளறைக்கு ஓடியதைப் பார்த்துத்தான் இவளும் ஓடினாள். குழந்தையின் முகம் சிவந்து, உதடு காய்ந்து, அழ இனித் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அழுததோ, யாருக்குத் தெரியும்? மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பரவாயில்லம்மா" என்று இவள் முகத்துக்கு நேராக, உதடு பிரித்துச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மாதம் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையை அம்மாவிடம் விடுவதாக இருந்த பேச்சு, அதன்பிறகு அப்படியே நின்றுபோனது.

அதனால்தான் இந்த வாளி, இந்தத் தாழ்ப்பாள். மறுபடி தோற்றால் அது தனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஒரு வாரம் குழாயோடு போனது. இரண்டாம் வாரம், தலைமுடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். பாத்திரங்களைத் தொடாமல், காய் மட்டும் நறுக்கினாள். கத்திக்கும் பலகைக்கும் இடையில் ஏதோ ஒரு ஒழுங்கான பேச்சு ஓடுவது போல் இருந்தது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"கால் வீங்கியிருக்கு. உக்காந்து நறுக்கினா கிரீடமா எறங்கிடும்?"

திடுக்கிட்டாள். ஆனால் திரும்பவில்லை. கணவர்தான். மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்று எழுதிய பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் முன்கண்ணாடியிடம் சொல்லிச் சொல்லிப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வீட்டில் கண்ணாடி இல்லாத குறைக்கு அவளுடைய முதுகு இருந்திருக்கிறது. எத்தனை வருடமாகவோ!

முதலில் வந்ததெல்லாம் புலம்பல்தான். உப்பு குறைவு என்றார். செவ்வாய்க்கிழமை, வந்து தங்கிவிட்டுப் போன அவள் தம்பியின் குறட்டையை லாரி மேடேறுவதோடு ஒப்பிட்டார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போல் குறுகுறுப்பாகவும் இருந்தது. வியாழக்கிழமை அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஆக்ஸிடென்ட் ஆகி நான் ரெண்டு வருஷம் படுத்துக் கிடந்தேன். இவ அந்த மெஷின் பக்கத்துல டபுள் ஷிப்ட் நின்னா. காது அப்பத்தான் போயிருக்கணும். எனக்காகத்தான் போச்சு. ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னேனா? இப்ப சொல்றேன். யாருக்குக் கேக்குது?"

வெங்காயம்தான் நறுக்கிக்கொண்டிருந்தாள். அது நல்லதாகப் போயிற்று.

அன்று முதல் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. திருமணமாகி முப்பத்தொரு வருடத்தில் இந்த மனிதர் நேராக நின்று சொன்ன நல்ல வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பின்னால் நின்று சொன்னவை இத்தனையா? இன்னும் கொஞ்ச நாள், என்று நினைத்தாள். சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொள்வார். இன்னும் ஒரே ஒரு வாரம் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை, பின்னால் பட்டாணி உரித்தபடி அவர் சொன்னார்:

"நாளைக்கு மக வரா. நான் வேனை விட்டுட்டேன்னு சொல்லிட்டா, புள்ளையை நம்பி விடுவா. இவளுக்குக் காதா நான் கூடவே இருந்துட்டாப் போச்சு. இன்னிக்கே மொதலாளிகிட்ட சொல்லிடணும். பசங்கதான்... அந்தக் குட்டைச் சடை மட்டும் அழும்."

வேனில் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பட்டப்பெயர் வைத்திருந்தார். சாயங்காலம் வந்து குட்டைச் சடை என்ன கேட்டாள், மூக்குறிஞ்சி யாரைக் கடித்தான் என்று கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டுவார். அந்த நேரத்தில்தான் அவர் முகத்தில் வயது தெரியாது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"வேனை விட வேணாம்."

பட்டாணிக் கிண்ணம் கவிழ்ந்து, மணிகள் தரையெல்லாம் உருண்டன. அந்தச் சத்தமும் அவளுக்குக் கேட்டது. திரும்பி முடியை ஒதுக்கிக் காட்டினாள். அவர் வாயைத் திறந்தபடி காதையே பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பதினாறு நாளா."

அவர் கண்ணை மேலே உருட்டிக் கணக்குப் போட்டார். "செவ்வாய்க்கிழமையுமா?"

"லாரி மேடேறினதுதானே? தம்பிகிட்ட சொல்லிடட்டுமா?"

"அடிப்பாவி!" என்றார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்து, குரல் இறங்கி, "வியாழக்கிழமை?" என்றார்.

அவள் தலையசைத்தாள். அவர் குனிந்து பட்டாணி பொறுக்க ஆரம்பித்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். "அன்னிக்கு வெங்காயத்தாலதான் அழுதேன்னு நெனச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். விஷயத்தைக் கேட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆனால் தயக்கம் அவள் கையில் இருந்தது. குழந்தையின் துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும்மா. அவசரம் இல்ல" என்றாள். சரியான பேச்சுதான். பெற்றவள் அப்படித்தான் பேசுவாள். உள்ளறையில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, அப்பாவோடு மேசையில் உட்கார்ந்தாள்.

இவள் பாத்திரங்கள் முன் போய் நின்றாள். இந்தப் பதினேழு நாளில் காது மெஷினோடு இதை மட்டும் தொட்டிருக்கவில்லை. குழாயைத் திறந்தாள். தண்ணீர் தகரத்தின்மேல் விழுந்து இரைந்தது. தட்டும் கரண்டியும் பழைய கத்திகளாகவே இருந்தன. காதிலிருந்து பிடுங்கி எறியக் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தட்டு கழுவினாள். இன்னொன்று. மூன்றாவது தட்டில், அந்த இரைச்சலுக்கு அடியில், ஏதோ ஒன்று.

குழாயை மூடினாள். அழுகைகூட இல்லை. தூக்கம் கலைந்து, தொண்டையைச் சரிசெய்வது போல் ஒரு சிறு 'ங்'.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, கணவர் பழக்கத்தில் எழுந்து வந்து சுவிட்சில் விரலை வைத்திருந்தார். அவள் அவரைத் தாண்டி நடந்தாள். விரல் சுவிட்சிலேயே இருந்தது. விளக்கு அணையாமல் எரிந்தது.

உள்ளறையில் குழந்தை அவளைப் பார்த்துக் காலை உதைத்தது. அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டாள். காதுக்கு வெகு பக்கத்தில், பால் மணத்தோடு அந்த மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது. வெளியே நாற்காலி நகர்ந்தது. துணிப்பை ஒன்றை மேசையில் வைக்கும் மெத்தென்ற சத்தம். அல்லது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். எல்லாச் சத்தமும் இன்னும் பிடிபடவில்லை.

பின்னால் வாசற்படியில் யாரோ வந்து நின்றார்கள். தொண்டையைக் கனைத்தார்கள்.

"நான் சொல்லிக்கிட்டிருந்தேனே, அன்னிக்கு..." என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவார் என்று தெரியும். குழந்தையின் முதுகைத் தட்டியபடி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, காதை மூடியிருந்த முடியை மட்டும் ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, நின்றாள்.