பத்தாம் நாள் வறுவல்

பதினேழு வருடங்களாக வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டு தீவுகளில் வழிகாட்டியாக இருக்கிறாள் குன்வோர். தோளில் துப்பாக்கி இல்லாமல் ஊரைத் தாண்டியதில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியால் ஒரு பனிக்கரடியைக்கூட அவள் சுட்டதில்லை. வெடி போட்டு விரட்டுவாள், கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு இடம் மாறுவாள். "சுடற நிலைமைக்கு வந்துட்டோம்னா, அதுக்கு முன்னாடியே நாம ஏதோ தப்புப் பண்ணியிருக்கோம்னு அர்த்தம்" என்பாள்.

அவளுக்கு உதவி வழிகாட்டியாக நான் ஒன்பது பருவம் வேலை பார்த்தவன். அந்த ஏப்ரலில் எங்களோடு வந்தவர்கள் நார்வேயின் பெர்கன் நகரத்திலிருந்து ஐந்து பேர். பன்னிரண்டு நாள் பனிச்சறுக்குப் பயணம். பத்தாம் நாள் மாலை கிழக்குக் கடற்கரையில் கூடாரம் போட்டோம். எதிரே உறைந்த கடல். சூரியன் மறையாத காலம், எட்டு மணிக்கும் வெளிச்சத்தில் கண் கூசியது.

கரடிகள் கடல் பனியில் திரியும், வாசனைக்கு வந்துவிடும். அதனால் கரையில் வெந்நீர் ஊற்றிக் கிளறும் பொட்டல உணவு மட்டும்தான். பன்றிக்கறி போன்ற வாசனைச் சாமான்களை கரையை விட்டு உள்ளே தள்ளி, பனியாற்றின் மேலேயே தின்று முடித்துவிட வேண்டும். ஆனால் அங்கே இரண்டு நாள் புயல். அடுப்பே பற்ற வைக்க முடியாமல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். இரண்டு கிலோ கறி அப்படியே சறுக்குவண்டியில் மிஞ்சிவிட்டது.

"ஐலிஃப், அந்தக் கறியை ஊருக்கு இழுத்துட்டுப் போய் மியூசியத்துல வைக்கப் போறீங்களா?" என்று என்னைக் கேட்டார் ஆஸ்ப்யோர்ன், ஓய்வு பெற்ற பல் டாக்டர். "பத்து நாளா எனக்குக் காகித அட்டை மாதிரி கஞ்சி ஊத்துறீங்க. எனக்கே பல்லு ஆடுது."

எல்லாரும் சிரித்தார்கள். குன்வோர் தூரத்தில் முகாமைச் சுற்றி, கரடி கால் தட்டினால் வெடிக்கிற வெடிக்கம்பி கட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக்கு முந்தைய முகாமில் மூட்டையைக் காலி செய்வது எங்கள் வழக்கம். மறுநாள் வண்டி லேசாகும். சட்டியை வைத்தேன். கொழுப்பு உருகி வாசனை கிளம்பியதும் ஐந்து பேர் முகமும் மலர்ந்தது.

அவள் வேகமாக வந்தாள். "யாருடா இதை வறுக்கச் சொன்னது?"

"பாதி வெந்துடுச்சு, குன்வோர்."

நின்று காற்றைப் பார்த்தாள். அது எங்கள் முதுகிலிருந்து நேராகக் கடல் பனியை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. சட்டியைக் கவிழ்க்கச் சொல்வாள் என்று நினைத்தேன். புயலில் வாடிப்போன ஐந்து முகங்களையும் பார்த்தாள்.

"சட்டுனு தின்னு முடிங்க" என்றாள். அவளும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரத்தில் வெடிக்கம்பி வெடித்தது.

தாய்க்கரடி. பின்னால் ஒன்றேகால் வயதுக் குட்டி. தாயின் விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு பசி. நான் வெடி போட்டேன். தலையைக்கூட அது திருப்பவில்லை. இரண்டாவது வெடி அதன் காலடியிலேயே வெடித்தது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு சமையல் கூடாரத்தை நோக்கி நேராக வந்தது. உள்ளே பள்ளி ஆசிரியை டோருன் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"டோருன், வெளியே வராதே!" என்று கத்தினாள் குன்வோர். பிறகு கரடியைப் பார்த்து, "போடி... போயிடுடி..." என்றாள். கெஞ்சுகிற குரல். அந்தக் குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை.

பதினைந்து அடியில் சுட்டாள்.

குட்டி ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து தாயின் வயிற்றுப் பக்கம் ஒட்டிப் படுத்துக்கொண்டது.

சாட்டிலைட் போனில் ஆளுநர் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னோம். ஹெலிகாப்டர் வருவதற்குள் ஆஸ்ப்யோர்ன் எங்களைக் கூட்டினார். "கேளுங்க. நாம சூப்புதான் குடிச்சோம். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடுவோம். அந்தம்மா பேரு கெடக் கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான். குன்வோர் அந்தப் பக்கமே வரவில்லை. குட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

வந்த அதிகாரியின் பெயர் ஹல்ஸ்டைன். நோட்டைத் திறந்து, "என்ன சமைச்சீங்க?" என்று கேட்டார்.

"சூப்பு" என்றார் ஆஸ்ப்யோர்ன்.

"பன்றிக்கறி வறுத்தோம்" என்றாள் குன்வோர். "காத்து கடல் பக்கம் அடிச்சுது. எனக்குத் தெரியும். தலைமை நான். தப்பு என்னோடது."

"வறுத்தது நான்" என்றேன். "அவளைக் கேக்காம வறுத்தேன்."

ஹல்ஸ்டைன் இரண்டையும் எழுதிக்கொண்டார். அவளுடைய துப்பாக்கியை வாங்கி உறையில் போட்டார். பிறகு குட்டியைக் காட்டித் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இதுக்கு வேட்டையாடத் தெரியாது, குன்வோர். பட்டினி கிடந்து சாகும். மாசக்கணக்கா ஆகும்."

"தெரியும்."

"உங்க ஆளுங்களைக் கூட்டிட்டு அந்த மேட்டுக்கு அப்பால போயிடுங்க."

"அவங்களை ஐலிஃப் கூட்டிட்டுப் போவான். நான் இங்கேயே இருக்கேன்."

"அவசியமில்லையே."

"எனக்கு இருக்கு."

நாங்கள் புறப்பட்டோம். மேட்டில் ஏறும்போது பின்னால் ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம். டோருன் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்ப்யோர்ன் அவளைத் தூக்கிவிடவில்லை, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

அரைமணி கழித்துக் குன்வோர் எங்கள் தடத்திலேயே வந்து சேர்ந்தாள். மிச்சம் இருந்த இரண்டு நாளும் முன்னே நின்று வழி நடத்தினாள்; துப்பாக்கி என் தோளில் மட்டும்தான். பனிப்பிளவு எங்கே, கால் எப்படி வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அட்டைக் கஞ்சியைக் குறை சொல்லவும் ஆள் இல்லை.

எங்கள் ஊரான லாங்யர்பியனில் ஐந்து பேரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் போன பிறகு கிடங்கில் நாங்கள் இருவர் மட்டும். ஈரக் கூடாரங்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"என்னைத் திட்டிடு, குன்வோர்" என்றேன்.

"எதுக்கு? நானும்தானே தின்னேன்" என்றாள். கூடாரத்தின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். "ருசியாத்தான் இருந்துது, ஐலிஃப். அதான் எனக்குத் தாங்கலை."

அடுத்த பருவத்துக்கு வழிகாட்டிகளாகப் பெயர் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தபோது நான் கொடுத்தேன். அவள் கொடுக்கவில்லை.