இளவரசருக்கு ஒரு கல்வெட்டு

“அவையின்ர சமயத்தில முப்பத்தோராம் நாள் எண்டொண்டு இல்லையப்பா, விளங்குதே…”

“நான் அவைக்கே அடிக்கிறன்? எனக்கு…”

“அதுவும் கல்வெட்டாம்! அரபு இளவரசருக்குத் தமிழில! ஆர் வாசிக்கிறது?”

“நான் வாசிப்பன். நீர் டைப் பண்ணும்.”

யோகமலர் கணினியை வெடுக்கெனத் திறந்தாள். லண்டனில் ஹரோவிலும் வெம்பிளியிலும் தமிழர் யார் செத்தாலும், முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்னும் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தை அடித்துக் கொடுப்பது அவள்தான். ஒருவருக்கும் மாட்டேன் என்றதில்லை. இந்த ஆளுக்கு மட்டும் விரல் வர மறுத்தது.

கணவன் விஜயரத்தினம் பத்தொன்பது வருடம் அந்த இளவரசரின் கார் ஓட்டியவன். “பிரின்ஸ் கூப்பிடுறார்” என்றால் போதும், பாதிச் சோற்றில் கை கழுவிவிடுவான். மூன்று கிழமைக்கு முன் அவர் கண்ணை மூடினார். அன்றைக்கே உடலை விமானத்தில் ஏற்றிப் போய்விட்டார்கள். செத்த பிறகாவது புருஷனைத் திருப்பித் தருவார் என்று பார்த்தால், இப்போது வீட்டுக்குள்ளேயே வந்து குந்திவிட்டார்.

“முப்பத்தொரு வயசில நீர்வளத்துக்குத் துணை அமைச்சர். ஏழு வருசத்தால அமைச்சர். கடல் தண்ணியைக் குடிக்கிற தண்ணியாக்கிற ஆலை ரெண்டு கட்டினவர். மூண்டாவதைச் சொந்தச் சித்தப்பாவின்ர கொம்பனிக்குக் குடுக்கச் சொல்லி அரண்மனையில நெருக்கினவை. கையெழுத்து வைக்கேலாது எண்டு பதவியை எறிஞ்சுபோட்டு லண்டனுக்கு வந்தவர். ரெண்டாயிரத்து ஆறு, ஐப்பசி பதினாலு, சனிக்கிழமை.”

அவன் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

“எனக்குத் தேத்தண்ணிக்கு எத்தினை சீனி?”

“இதென்ன கேள்வி? ரெண்டு.”

“நான் சீனி விட்டு ஆறு வருசம்.”

“சரி, சரி. அடுத்தது நற்குணங்கள்.”

“உங்கட பிரின்சுக்குக் குணமும் இருந்ததோ!”

“நக்கலடிக்காதையும். மற்றவையின்ர துன்பத்தை இருந்து கேக்கிற மனுசன். தம்பியின்ர கதையை நான் சொல்லேக்க, எவ்வளவு நேரம் பேசாமல் கேட்டவர்…”

யோகமலரின் விரல்கள் நின்றன. சாமி அறைச் சுவரில் அந்தத் தம்பியின் படம் இருக்கிறது. கலியாணமான புதிதில், எப்படிச் செத்தவன் என்று கேட்டாள். “விடும்” என்றான். இரண்டாம் முறை கேட்டதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறாள், கேட்பதில்லை.

“என்ன சொன்னனீங்கள்?”

“சண்டை நேரம் கிளாலிக் கடலில வள்ளம் கவிண்டது. அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். பிறகு… விட்டிட்டன்.” அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பிரின்ஸ் பின்சீற்றில இருந்து என்ர தோளில கை வைச்சவர். அவரும் தம்பியைப் பறிகுடுத்தவர்.”

“ஒருக்கால் சொன்னனீங்களோ?”

“நாலைஞ்சு தரம் சொல்லியிருப்பன்.”

அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது. செத்துப்போன ஒரு மனிதரின் மேல், அந்தத் தோளில் முதலில் கை வைத்தவர் மேல், எரிந்தது. ‘மற்றவர் துன்பத்தைப் பொறுமையுடன் கேட்பவர்’ என்ற வரியை ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்தாள். பிறகு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

“நானும் பின்சீற்றில ஏறி இருந்தால்தான் எனக்குச் சொல்லுவீங்களோ?”