முதுகுக் கொக்கி

விடியவில்லை. வூச் நகரத்தின் முதல் டிராமில் வந்து இறங்கிய பெண்கள், கறுப்பு ரொட்டியை மென்றபடியே சினிமா உடை தைக்கும் பட்டறையின் மூன்றாவது மாடி ஏறி, விளக்கைப் போட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நீராவி இஸ்திரி கிளப்பிய ஈரத்துணி நாற்றம் அறையெங்கும் நிறைந்தது. மூலையில் போழெனா, புத்தம்புதிதாய்த் தைத்த மேலங்கிகளைப் பலகையில் விரித்து, பாலாடைக்கட்டி துருவுகிற துருவியால் முழங்கைகளைத் தேய்த்து நைய வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சுத் தூசி அவள் புருவத்தில் படிந்திருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய ஏழையின் துணியாக அதை ஆக்க வேண்டும். அதற்கு இன்றைய ஏழையின் தோள்பட்டை தேய வேண்டும். சினிமாவில் பழமை சும்மா வந்துவிடுவதில்லை.

ஜன்னலோரம் யாத்விகா கொக்கி தைத்தாள். இந்த மேலங்கிக்கு முன்பக்கம் திறப்பே கிடையாது. கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகில்தான் வரிசையாகக் கொக்கிகள். ஜார் மன்னர் காலத்தில் நூற்பாலைப் பெண்கள் இப்படித்தான் உடுத்தினார்கள். முன்னால் துணி பிரிந்து தொங்கினால் இயந்திரம் பிடித்து இழுத்துவிடும். ஒருத்தி முதுகை இன்னொருத்தி மாட்டிவிடுவாள். இதே கட்டடம்தான் அப்போது நூற்பாலை. இதே மாடியில் தீப்பிடித்து அந்தப் பெண்கள் மாண்டார்கள். அந்தக் கதையைத்தான் இப்போது படமாக எடுக்கிறார்கள்.

முந்தாநாள் தீக்காட்சி ஒத்திகை. லுத்மிலா என்ற துணை நடிகையின் மேலங்கி விளிம்பில் நெருப்புப் பற்றியது. அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குக் கொண்டுபோனாள். எட்டவில்லை. கத்தரிக்கோலோடு ஆள் ஓடிவருவதற்குள் முதுகு வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடக்கிறாள் பாவம்.

அன்றிலிருந்து யாத்விகாவுக்குத் தூக்கம் போயிற்று. ஒவ்வொரு கொக்கியைத் தைக்கும்போதும் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரல்கள் தடவித் தேடின. அவை முந்தாநாள் விரல்களா, நூறு வருஷத்துக்கு முந்தைய விரல்களா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஊசியை நிறுத்தினால் அவையும் நின்றன. பயமாக இருந்தது. அதைவிட அவமானமாக இருந்தது. கழன்றுவிடக் கூடாதென்று கொக்கியின் வாயைக் குறடால் நெருக்கியது அவள் கைதானே.

"என்னக்கா, உக்காந்தபடியே நடுங்கறே? குளுருதா?" என்றாள் போழெனா.

"யாரோ முதுகுப் பக்கமா நிக்கறாங்கடி."

"இந்த மாடியில அது புதுசா? எனக்குத் தெனமும் யாரோ தும்முற சத்தம் கேக்குது. நான்தான் தும்மறேன்னு நெனச்சுக்குவேன்."

யாத்விகாவால் சிரிக்க முடியவில்லை.

வெளிச்சம் வந்தபின் செசாரி வந்தார். முதலாளியும் அவரே, உடை வடிவமைப்பாளரும் அவரே. 'துல்லியம், துல்லியம்' என்று ஜெபமாலை உருட்டுகிற மனிதர். கையிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு துணியை மேசைமேல் விரித்தார்.

லுத்மிலாவின் மேலங்கி. விளிம்பிலிருந்து தோள்வரை கருகி, பக்கவாட்டில் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. கொக்கிகள் மட்டும் மாட்டியபடியே இருந்தன. ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை.

"இந்த ஓரத்தைப் பாருங்க," என்றார் செசாரி, ஆசையோடு. "பழுப்பு, அதுக்குள்ள கறுப்பு, அதுக்குள்ள சுருக்கம். எந்தச் சாயத்துலயும் நமக்கு இது வந்ததில்ல. இதுதான் அசல். தீக்கு அப்புறம் வர்ற காட்சிக்கு மொத்த மேலங்கியும் இதே மாதிரி கருகணும். இன்னிக்கு எடுக்கற தீக்காட்சிக்கு இப்ப இருக்கற கொக்கி மேலங்கியே போகட்டும்."

"லுத்மிலா எப்பிடி இருக்காய்யா?" என்று கேட்டாள் யாத்விகா.

"இன்ஷூரன்ஸ்காரங்க பாத்துக்கறாங்க."

"நான் கேட்டது அதில்ல."

செசாரி கண்ணாடியைத் துடைத்தார். யாத்விகாவே தொடர்ந்தாள். "கொக்கியச் சும்மா பார்வைக்கு வெச்சு, அடியில வெல்க்ரோ ஒட்டுப்பட்டை குடுத்தா ஒரே இழுப்புல வந்துரும். தீக்காட்சின்னா எப்பவும் அப்பிடித்தானே செய்யறோம்? மொதல்லயே சொன்னேன்."

"கேமரா முதுகுப் பக்கந்தான் போகுது யாத்விகாம்மா. துணி தடிச்சு நிக்கும். அந்தக் காலத்துல வெல்க்ரோ இருந்துச்சா?"

"அந்தக் காலத்துல செத்தாங்கய்யா."

தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"வரலாறு அப்பிடி. நான் என்ன பண்ண?" செசாரியின் குரல் தணிந்தது, தணிந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். "முடியாதுன்னா சொல்லிடுங்க. வேலையப் பல்கேரியாவுக்கு அனுப்பிட்டு இதப் பூட்டிடறேன்."

போழெனா துருவியைக் கீழே வைத்தாள். "எரியற வீட்டுல புடுங்கினது லாபம்னு கேள்விப்பட்டிருக்கேன், இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன். ஒருத்தி வெந்ததப் பாத்துப் பாத்து நான் கருக்க மாட்டேன்."

அடுத்த அறையில் ஒருத்தி முதுகை ஒருத்தி மாட்டிக்கொண்டிருந்த துணை நடிகைகள் பேச்சு கேட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் அதே சாம்பல் மேலங்கியில். செத்தவர்களே வந்து நிற்கிறார்கள் என்று ஒரு நொடி யாத்விகாவுக்குத் தோன்றியது. முன்னால் நின்ற ரொமனா மேசையைப் பார்த்தாள்.

"அது லுத்மிலாவோடதா அக்கா?"

செசாரி யாத்விகாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் இந்த வேலை போனால் வேறெவன் கூப்பிடுவான்? வாடகைக்கு என்ன வழி? வாயைத் திறக்காமலிருந்தால் ஒன்றும் போகாது. பெண்கள் படப்பிடிப்புக்கு வண்டி ஏறிப் போய்விடுவார்கள்.

"அவளோடதுதான்," என்றாள். "நீங்க போட்டிருக்கறதும் அதே தையல். உங்க கைக்கு எட்டாது. நெருப்பு வந்தா உங்களால கழட்ட முடியாது. தெச்சது நான். மாத்திக் குடுக்கவும் என்னால முடியும், விட மாட்டேங்கறாங்க."

ரொமனா கைகளை முதுகுக்குக் கொண்டுபோனாள். வளைந்து, நெளிந்து, விரல்கள் காற்றில் துழாவின. எட்டவில்லை. அப்போது அவளுக்குப் பின்னால் நின்றவள் மெல்ல அந்தக் கைகளை இறக்கிவிட்டு, முதல் கொக்கியைக் கழற்றினாள். அவளுடையதை அவளுக்குப் பின்னால் நின்றவள் கழற்றினாள். வரிசை முழுக்க விரல்கள் அசைந்தன.

"வண்டி கீழ நிக்குது," என்றார் செசாரி. "நீங்க இல்லேன்னா நாளைக்கு வேற ஆளுங்க வருவாங்க."

"வரட்டும்," என்றாள் ரொமனா. "அவங்களுக்கும் முதுகு இருக்குல்ல, அவங்ககிட்டயும் சொல்லுவோம்."

வரிசையின் கடைசியில் நின்றவளுக்குப் பின்னால் யாருமில்லை. யாத்விகா எழுந்து போய் அங்கே நின்றாள். தான் நெருக்கிய கொக்கி தனக்கே முரண்டு பிடித்தது, பலம்கொண்டு இழுத்தாள்.

"மெதுவாக் கழட்டுக்கா," என்றாள் அந்தப் பெண். "இங்க நெருப்பு இல்லையே."

கொக்கி கழன்றது. கீழே வண்டியின் ஹாரன் ஒலித்தது, மறுபடியும் ஒலித்தது. செசாரி போனில் யாரையோ அழைத்தார். போழெனா தூசியை உதறிவிட்டு வந்து யாத்விகாவுக்குப் பின்னால் நின்றாள். பிறகு தையல்காரிகள் ஒவ்வொருவராக நாற்காலியைத் தள்ளி எழுந்து அந்த வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.