மேடம் சொன்னாங்க

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்ததை நான் தாங்கிக்கொண்டேன். அதன் பின்னாலேயே வந்து சேர்ந்த மேடத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகல் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு "பிரேக், பிரேக்" என்று சொல்லியே பழகிவிட்டதால், தன்னை யாராவது பிரேக் போடச் சொன்னால் காதில் ஏறாது. டீயில் சர்க்கரையைக் குறையுங்கள், வந்ததும் சாயாமல் கொஞ்சம் நடங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து கரடியாய்க் கத்தினேன். "தொணதொணக்காத" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

பிறகு ஓயாத தாகம், ஆறாத கால் புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, சாப்பாட்டு விஷயத்துக்கு டயட்டீஷியன் ஒருத்தியிடம் அனுப்பிவைத்தார். போன மனிதர் வேறு, திரும்பி வந்த மனிதர் வேறு.

"மேடம் சொன்னாங்க, தட்டுல பாதி காய் இருக்கணுமாம். கால்வாசிதான் சோறு. மிச்சம் பருப்போ முட்டையோ."

"மேடம் சொன்னாங்க, சாப்பிட்டதும் உக்காரக் கூடாதாம். நடக்கணுமாம்."

நடந்தார். என் கண்ணெதிரே, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில், கையை வீசிக்கொண்டு நடந்தார். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன அதே நடை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் எப்படி இருப்பாள் என்று சாடைமாடையாகக் கேட்டேன். "யாரு கவனிச்சா" என்றார். "ஆனா ரொம்பப் பொறுமையா பேசுவாங்க." அந்த இரண்டாவது வாக்கியத்தை அவரிடம் யார் கேட்டது? பொறுமையாகப் பேச அவளுக்கு என்ன கேடு? ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகிறவரை அவளா மேய்க்கிறாள்? மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் நானும்தான் தேனொழுகப் பேசுவேன்.

அவருடைய கைப்பேசியை ஒருநாள் தற்செயலாகப் பார்த்தேன். தற்செயல் என்றால், அவர் குளிக்கப் போயிருந்தபோது. என் எண்ணை 'வீடு' என்று வைத்திருந்தார். அவள் எண் 'மேடம்'. அவள் மனுஷி, நான் கல்லும் மண்ணும்.

போதாக்குறைக்கு அவள் எனக்கு அழைப்பு வேறு அனுப்பினாள். "அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மாத்திரை போடறவங்க வீட்டுல இருக்கறவங்களும் சிலது தெரிஞ்சு வச்சுக்கணுமாம்."

"சர்க்கரை எனக்கா உங்களுக்கா? இவளுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து தலையாட்ட நான் தயாராக இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு முடிவெடுத்தேன். அவள் குறைத்ததைவிட நான் குறைத்துக் காட்டுகிறேன். வீட்டிலிருந்த சர்க்கரையை டப்பாவோடு கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். தேன், பிஸ்கட், பழம் எல்லாம் அதன் பின்னாலேயே போயின. மேடம் கால் தட்டுச் சோறு சொன்னாளா, நான் ஒரே ஒரு கரண்டி போட்டேன். விரலில் குத்திப் பார்க்கும் மெஷினில் எண் இறங்கியது. எனக்கு உச்சி குளிர்ந்தது, அவர் வாயைத் திறக்கும்வரை.

"மேடம்கிட்ட காட்டினா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க" என்றார்.

அன்று இரவு சோற்றையே நிறுத்தினேன். வெறும் காய்தான். அவரும் மறுபேச்சு இல்லாமல் தின்றுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

காலையில் மறுபடியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு நடக்கப் போனார். திரும்பி வந்தவர் கூடத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. "என்னங்க?" என்றதற்கு எரிந்து விழுந்தார், ஆனால் வார்த்தை குழறியது. அவர் செய்வதைப் பார்த்த பழக்கத்தில் நானே விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்தெட்டு.

எண் இறங்க இறங்க நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு கணம் ஜெயித்துவிட்டேன் என்றுகூடத் தோன்றியது. அப்புறம் அவர் என்னைப் பார்த்தார். இது யார் வீட்டுப் பெண்பிள்ளை என்பதுபோலப் பார்த்தார்.

அவர் கைப்பேசியை எடுத்தேன். விரல் நேராக 'மேடம்' என்பதைத்தான் தொட்டது.

"நாப்பத்தெட்டா? ரொம்ப இறங்கிடுச்சும்மா. முழிச்சிருக்காரா? முழுங்க முடியுதா?"

"முடியுதுங்க. எச்சில் முழுங்கறாரு."

"மூணு ஸ்பூன் சக்கரையைத் தண்ணியில கலக்கி உடனே குடுங்க. கால் மணி நேரத்துல மறுபடியும் குத்திப் பாருங்க. மயங்கிட்டா மட்டும் வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"வீட்டுல சக்கரை இல்லைங்க."

ஏன் இல்லை என்று அவள் கேட்கவில்லை. "பக்கத்து வீட்டுக்கு ஓடுங்கம்மா" என்றாள். அப்போதும் பொறுமையாகத்தான்.

ஓடினேன். என் டப்பாவிலிருந்தே சர்க்கரையை அள்ளிக் கலக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, கைப்பேசியைக் கீழ்வீட்டு அடுப்படியிலேயே வைத்துவிட்டேன். தம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

நாக்கில் பட்டதும் என் கையை விலக்கித் தள்ளினார். "சக்கரையா? வேணாம். மேடம்... கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"என்னங்க, மேடம்தான் குடுக்கச் சொன்னாங்க. நம்புங்க."

"பொய்." உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பிடிவாதத்துக்கு மட்டும் தெம்பு இருந்தது.

கெஞ்சினேன். தலையைத் தடவினேன். அழுதேன். அசையவில்லை. நாற்காலியில் மெல்லச் சரிய ஆரம்பித்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் விழுங்கவும் முடியாது என்று எனக்குப் புரிந்தது. என் புருஷன் என் கண்முன்னால் சாகப்போகிறார், அதுவும் இன்னொருத்தி பேச்சைத் தட்டக் கூடாதென்பதற்காக.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். குரலைத் தாழ்த்தி, கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒருமுறைகூடக் காட்டாத பொறுமையோடு பேசினேன்.

"சார், நான் மேடம் பேசறேன். இதைக் குடிச்சிடுங்க."

அவர் நேராக உட்கார்ந்தார். "சரிங்க மேடம்" என்று சொல்லி, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.