என்ன குழந்தைன்னு சொல்லுங்கக்கா

அந்த நர்ஸிங் வகுப்பில் அவன் ஒருவன்தான் ஆண். அதனால் பெண்கள் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்ட வேண்டுமா, கூப்பிடு மாப்பிள்ளையை. கனத்த நோயாளியைப் புரட்ட வேண்டுமா, அதற்கும் மாப்பிள்ளைதான். பிரசவ வார்டில் மட்டும் மாப்பிள்ளைக்குத் திரைக்கு வெளியேதான் இடம்.

ஒரு பிரசவமாவது தன் கையால் பார்த்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். சனிக்கிழமையோடு பிரசவ வார்டுப் பயிற்சி முடிகிறது. மற்றவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இவன் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போவதற்குள் யாராவது ஒரு மாமியார் குறுக்கே வந்து நிற்பாள்.

"ஆம்பளைப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை?"

கையுறையைக் கழற்றிக் குப்பையில் போடுவான். "இன்னொரு வருஷம்லாம் முடியாதுடா. பேசாம என்கூட லாரியில ஏறிடு" என்று அப்பா போனில் சொல்லியிருந்தார்.

இருந்தது பெண்கள் விடுதி மட்டும் என்பதால் காவலாளிக்குப் பக்கத்து அறை அவனுக்கு. அங்கே தலையணையைக் குழந்தையாக வைத்துப் பழகினான். தலை, தோள், தொப்புள்கொடி. பிறகு குழந்தையைத் தூக்கித் தாய்க்குக் காட்டி, ஆணா பெண்ணா என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். குழந்தை மாறிப்போச்சு என்று பின்னால் சண்டை வரக்கூடாது அல்லவா.

"என்ன குழந்தைன்னு பார்த்துச் சொல்லுங்கக்கா."

காவலாளி ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். "தம்பி, இன்னிக்கு என்ன குழந்தை?"

"ரெட்டைப் பிள்ளை, அண்ணே."

சனிக்கிழமை மதியம் வார்டு சிஸ்டர் அவனைக் கூப்பிட்டார்.

"ஒரு கேஸ் இருக்கு தம்பி. நீ பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஏன் சிஸ்டர்?"

"வயித்துலயே துடிப்பு நின்னுடுச்சு. காலையில ஸ்கேன்ல தெரிஞ்சுது. அந்தப் பொண்ணுக்கும் தெரியும்."

இதை விட்டால் வேறு கேஸ் இல்லை. கையுறையை மாட்டினான். வெளியே மாமியார் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இவன் உள்ளே போனதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"முக்குங்கக்கா. இன்னும் கொஞ்சம்."

தலை வந்தது. தோள் வந்தது. கொடியில் இரண்டு இடத்தில் கிளிப் மாட்டி நடுவில் வெட்டினான். எல்லாம் தலையணையில் பழகியபடியே நடந்தது. பழகிய கை குழந்தையைத் தூக்கியது. பழகிய வாயும் சும்மா இருக்கவில்லை.

"என்ன குழந்தைன்னு பார்த்துச் சொல்லுங்கக்கா."

துணியோடு வந்த ஆயா அப்படியே நின்றுவிட்டாள். சிஸ்டர் பல்லைக் கடித்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவனுக்கு.

அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பொண்ணு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "முடி நிறைய இருக்கு" என்றாள்.

ஆயா குழந்தையை வாங்கி, முகத்தையும் சேர்த்துச் சுற்றி எடுத்துப் போனாள். கதவு சாத்தும்வரை அந்தப் பெண் தலையைக் கீழே வைக்கவில்லை.

நடையில் தோழிகள் பிடித்துக்கொண்டார்கள். "மாப்பிள்ளை, கேஸ் கிடைச்சுடுச்சாமே! ட்ரீட் எப்போ?"

"தரேன்" என்று மட்டும் சொன்னான். அப்பாவுக்குப் போன் செய்து, பரீட்சை எழுதலாம் என்றான். "அப்பாடா" என்றார் அவர்.

சாயங்காலம் காவலாளி வழக்கம்போல் எட்டிப் பார்த்தார்.

"என்ன குழந்தை தம்பி?"

"பொண்ணு, அண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவன் தலையணையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெறும் கட்டிலில் தலை சாய்த்தான்.